தேதி போடாத பெட்ரோல்

காலை ஒன்பது மணிக்குப் போன் அடித்ததிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பேசியது ஏரிக்கு அக்கரையில் இருக்கும் நாத்தனார். தன் தம்பியிடம், அதாவது இவள் கணவனிடம்தான் பேசினாள். தம்பி பெண்டாட்டியோடு அவளுக்குப் பேச்சு நின்று இரண்டு வருஷம் ஆகிறது. இன்சுலின் குப்பி கை நழுவித் தரையில் விழுந்து உடைந்துவிட்டதாம். காலையில் போட்ட ஊசியோடு சரி. அங்கே இருக்கும் ஒரே மருந்துக்கடையில் ஐந்து நாளாகச் சரக்கு வரவில்லை. "கேட்டுச் சொல்லு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாளாம். யாரிடம் கேட்டு என்று சொல்லவில்லை.

கேட்கவே வேண்டியதில்லை. இரண்டு தெரு தள்ளி இவளுடைய மருந்துக்கடை. கடைக் குளிர்பெட்டியின் இரண்டாவது தட்டில் அந்த மருந்தே நாலு குப்பி இருந்தது. மருந்துக்குக் குறைவில்லை, வழிதான் இல்லை. போன வார மழையில் ஏரியைச் சுற்றிப் போகும் சாலை இரண்டு இடத்தில் அறுத்துக்கொண்டு போய்விட்டது. எண்ணெய் லாரி வரும் சாலையும் அதுதான். பெட்ரோல் பங்கின் வாசலில் கயிறு கட்டி நாலு நாளாகிறது. டீசல் இல்லாமல் பயணிகள் படகும் கரையோடு கட்டிக் கிடக்கிறது. மீட்புக் குழுவுக்கு அவள் போன் போட்டாள். பெயர், விலாசம், நோய் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்ட ஒருவர், நாளைச் சாயங்காலத்துக்குள் பார்க்கிறோம் என்றார். நாளைச் சாயங்காலம் வரை இன்சுலின் இல்லாமல் நாத்தனார் என்ன ஆவாள் என்பது மருந்துக்கடைக்காரிக்குத் தெரியாதா?

அவள் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தாள். அடுப்பில் வைத்ததை மறந்து, மறந்ததை நினைத்து ஓடி வந்து, மறுபடி மறந்தாள்.

"நம்ம படகு இருக்கே" என்றான் கணவன்.

அவன் பள்ளி வேன் ஓட்டுகிறவன். ஒட்டடை அடிக்க ஏணியில் ஏறி, இறங்கும்போது கடைசிப் படி என்று நினைத்து அதற்கு முந்தின படியிலிருந்து கால் வைத்ததில் முழங்காலுக்குக் கீழே எலும்பு விட்டுப்போய், மூன்று வாரமாக மாவுக்கட்டோடு நாற்காலியில் இருக்கிறான். விடுமுறை நாளில் மீன் பிடிக்கவென்று வாங்கிய சின்னப் படகு ஏரிக்கரைக் கொட்டகையில் கவிழ்த்துப் போட்டிருந்தது. பத்து மாதமாகத் தண்ணீரையே பார்க்கவில்லை.

"பெட்ரோலுக்கு எங்க போறது?"

"கொட்டகையிலயே ரெண்டு கேன் இருக்கு. போன வருஷம் வாங்கி வச்சது."

"போன வருஷத்துதா? அது நல்லா இருக்குமா?"

"பெட்ரோல் என்ன பாலா, திரிஞ்சு போறதுக்கு? ஒண்ணும் ஆகாது."

ஒண்ணும் ஆகாது என்பது அவன் வாயில் எப்போதும் இருக்கும் வார்த்தை. ஏணியில் ஏறும்போதும் அதைத்தான் சொன்னான்.

அவளோ நேர் எதிர். ஊரில் அவளுக்குத் தேதியக்கா என்று பெயர். கடைக்கு வரும் ஒவ்வொரு அட்டையையும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்த் தேதி பார்ப்பாள். தாண்டியிருந்தால் குப்பைக்கூடை. நாத்தனாரோடு மனஸ்தாபம் வந்ததும் இதனால்தான். நாத்தனார் தன் புருஷனுக்கு ரத்த அழுத்த மாத்திரை வாங்க ஏரி தாண்டி வந்த அன்று, அலமாரியில் இருந்த கடைசிப் பெட்டி நாலு நாள் தாண்டியிருந்தது. வந்தவள் கண்ணெதிரிலேயே இவள் அதைத் தூக்கிக் கூடையில் போட்டுவிட்டு, வியாழக்கிழமை வாங்க என்று சொல்லி அடுத்த ஆளைப் பார்த்தாள். நாலு நாளில் மாத்திரை விஷமாகிவிடுமா என்று நாத்தனார் கேட்டதற்கும் நிமிர்ந்து பார்த்துப் பதில் சொல்லவில்லை. அன்று போனவள்தான்.

தேதி இருந்தால் அவளுக்கு முடிவெடுப்பது சுலபம். பெட்ரோல் கேனில் யார் தேதி போடுகிறார்கள்?

கொட்டகையைத் திறந்து பார்த்தாள். ஒன்று வெள்ளைப் பிளாஸ்டிக் கேன், பாதி காலி, ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் இருந்தது. மற்றது பச்சை வண்ணம் அடித்த பத்து லிட்டர் தகரக் கேன், மூலை நிழலில், கழுத்து வரை நிறைந்து, மூடி இறுக்கமாக. இரண்டையும் வாசலுக்கு வெளியே இழுத்து வைத்துவிட்டு மோட்டார் மெக்கானிக்கைத் தேடி ஓடினாள்.

மெக்கானிக் அறுபதைத் தாண்டியவர். கரையில் உள்ள எல்லாப் படகு மோட்டாருக்கும் அவர்தான் வைத்தியர். வேலை இல்லாமல் பட்டறை வாசலில் உட்கார்ந்து கத்தரிக்கோலால் ரப்பர் வளையம் வெட்டிக்கொண்டிருந்தார். அவள் மூச்சு விடாமல் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, உள்ளே போய்ப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். வழியில் தன் மோட்டார் சைக்கிளிலிருந்து ஒரு டம்ளர் பெட்ரோல் இறக்கிக்கொண்டார். பங்கு மூடுவதற்கு முந்தின நாள் போட்டதாம். ஒப்பிட்டுப் பார்க்க இது போதும், ஏரி தாண்டப் போதாது என்றார்.

மூன்று கண்ணாடிப் பாட்டில்களை வெயிலில் வரிசையாக வைத்தார்கள். முதலில் மோட்டார் சைக்கிள் பெட்ரோல். தெளிவாக இருந்தது. இரண்டாவதாகப் பிளாஸ்டிக் கேனிலிருந்து ஊற்றியது கடுங்காப்பிபோல இறங்கியது. கொஞ்ச நேரம் அசையாமல் விட்டதும் அடியில் விரல்கடை உயரத்துக்குத் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றது. மெக்கானிக் பாட்டிலை அவள் மூக்கருகே நீட்டினார். பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்தது மாதிரி புளித்த வாடை.

"இது எண்ணெய் கலந்து வச்சது. பாதி கேன் காத்து. வெயில் வேற. இதைக் கைகழுவத்தான் வேணும்" என்றார்.

தகரக் கேனை அவர் சட்டென்று திறக்கவில்லை. மூடியை ஒரு நூல் திருகி, உள்ளே அடைந்திருந்த காற்று உஸ்ஸென்று போகும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். ஊற்றிப் பார்த்தால் புதுசைவிட ஒரு சாயல் மஞ்சள். அடியில் எதுவும் படியவில்லை. வாடை மூக்கில் சுரீரென்று ஏறியது, புதுசு அளவுக்கு இல்லாவிட்டாலும்.

அவளுக்கு மனசு ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு காலாக நின்றது.

"அண்ணே, இது நல்லதா கெட்டதா? ஒரே வார்த்தைல சொல்லுங்க."

"ஒரே வார்த்தைல சொல்ற விஷயம் இல்லம்மா இது. மூடி இறுக்கமா, நிறைஞ்சு, நிழல்ல இருந்திருக்கு. ஓடும்னுதான் என் கை சொல்லுது. ஆனா நட்ட நடு ஏரியில நிக்கவே நிக்காதுன்னு நான் எழுதித் தர மாட்டேன். துடுப்பு எடுத்துக்கோ, நங்கூரம் எடுத்துக்கோ. இங்கயே அரை மணி நேரம் ஓட்டிப் பாப்போம். ஓடினா போ."

பெட்ரோலைவிடப் பெரிய தொந்தரவு மோட்டாருக்குள்ளேயே இருந்தது. போன வருஷம் நிறுத்தும்போது கார்புரேட்டரில் மிச்சமிருந்தது காய்ந்து பிசினாக அப்பியிருந்தது. மெக்கானிக் அதைக் கழற்றி, கம்பி இழையால் சின்னச் சின்னத் துளைகளைக் குத்தி ஊதினார். படகின் டேங்கைக் கழுவித் துடைத்தார். பெட்ரோல் குழாயின் நடுவில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் போன்ற ஃபில்டரைப் புதிதாகப் பொருத்தினார். பிறகு இந்த மோட்டாருக்குப் பெட்ரோலோடு கலக்க வேண்டிய எண்ணெயைத் தகரக் கேனில் அளந்து விட்டுக் குலுக்கி, அதில் பாதியைப் படகு டேங்கில் ஊற்றினார்.

இதற்கெல்லாம் இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு மணி நேரமும் அவள் உட்காரவில்லை. கரைக்கும் வீட்டுக்குமாக எத்தனை நடை நடந்தாளோ. இடையில் நாத்தனாருக்குப் போன் போடச் சொல்லிக் கணவனை நச்சரித்தாள். சர்க்கரை எவ்வளவு காட்டுகிறது, தண்ணீர் நிறையக் குடிக்கிறாளா, வாந்தி இருக்கிறதா என்று அவள் கேட்க, அவன் போனில் கேட்க, பதிலை அவன் திருப்பிச் சொல்ல, பக்கத்தில் நிற்கும் இரண்டு பேர் மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசுவதுபோல இருந்தது. அளவு ஏறிக்கொண்டுதான் இருந்தது.

மோட்டார் மூன்றாவது இழுப்பில் பிடித்தது. கம்பத்தில் கட்டிய படகு கயிற்றை முறுக்கிக்கொண்டு அரை மணி நேரம் ஓடியது. மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார். பிறகு தலையை ஆட்டிவிட்டு, மிதவைச் சட்டைகள் இரவல் வாங்கி வரக் கிளம்பினார். அவள் ஐஸ் பெட்டியில் மருந்தெடுக்கக் கடைக்கு ஓடினாள்.

திரும்பி வந்தால் கணவன் படகுக்குள் உட்கார்ந்திருந்தான். கக்கத்துக் கட்டைகளை ஊன்றி நொண்டி வந்து, யாரோ கை கொடுக்க உள்ளே இறங்கியிருக்கிறான்.

"நீங்க எங்க வரீங்க, இந்தக் காலோட?"

"கால்தானே ஒடஞ்சிருக்கு, கையா? உனக்கு மோட்டார் ஓட்டத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்ல முடியாது. நாலைந்து முறை கைப்பிடியைப் பிடித்திருக்கிறாள், அவ்வளவுதான். வாதாட நேரமில்லை. கடைப் பிளாஸ்டிக் பைகளை மாவுக்கட்டின்மேல் சுற்றி நூலால் கட்டிவிட்டாள். மீதிப் பெட்ரோலோடு கரையில் இருந்த தகரக் கேனையும் தூக்கி உள்ளே வைத்தாள். அது எதுக்கு, டேங்க் நிறைய இருக்கு, இதைப் பத்திரமா வச்சுட்டுப் போவோம் என்றான் அவன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் இருபது நிமிஷம் மோட்டார் நூல் பிடித்தமாதிரி ஓடியது. கரை சின்னதானது. காற்று எழுந்து தண்ணீர் சுருக்கம் விழத் தொடங்கிய இடத்தில் ஒரு இருமல் கேட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டான். இன்னொரு இருமல். பிறகு மூன்று நாலு சேர்ந்து. அப்புறம் மோட்டார் ஒரு பெருமூச்சு விட்டு அணைந்தது.

அவன் கயிற்றை இழுத்தான். மறுபடி இழுத்தான். படகு பக்கவாட்டில் திரும்பி, வலை கட்ட நட்டிருந்த கம்புகளை நோக்கி ஒதுங்கத் தொடங்கியது. அவள் நங்கூரத்தைத் தூக்கிப் போட்டாள். கயிறு ஓடி ஓடி, ஒரு வழியாகப் பிடித்தது.

டேங்க் மூடியைத் திருகினாள். வந்தது வார்னிஷ் வாடை.

குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"அந்தப் பிளாஸ்டிக் கேனை இதுல ஊத்தினீங்களா?"

"முழுசா இல்ல. கொஞ்சம். அடித் தண்ணிய விட்டுட்டு மேலாப்புல சாய்ச்சு ஊத்தச் சொன்னேன். பாதி டேங்க் காலியா இருந்துச்சு. நல்லதை மிச்சம் பிடிச்சா நாளைக்கு இன்னொரு நடைக்கு ஆகுமேன்னு..."

"யாரு ஊத்தினது?"

"கை கொடுத்து ஏத்தி விட்டவர்தான். அவருக்கு என்ன தெரியும், பாவம்."

அவளுக்கு வந்த கோபத்தில் நாக்கு நுனியில் நூறு வார்த்தை நின்றது. அக்கா உயிருக்காகக் கிளம்பிய இடத்தில் மிச்சம் பிடித்தவனை என்ன சொல்வது? ஆனால் அவன் முகத்தைப் பார்த்தாள். நெற்றியெல்லாம் வியர்வை, உதடு வெளுத்திருந்தது. ஒண்ணும் ஆகாது என்று அவன் இப்போது சொல்லவில்லை. பயந்திருக்கிறவனை இன்னும் அடிப்பதில் என்ன இருக்கிறது, அதுவும் மோட்டார் வேலையைச் சொல்லித் தர அவனைத் தவிர இன்னொருவர் இல்லாத இடத்தில்?

"என்ன பண்ணணும்னு சொல்லுங்க. என்னால குனிய முடியும்" என்றாள்.

அவன் சொன்னான், சொல்லச் சொல்ல அவன் குரல் திடப்பட்டது. டேங்கிலிருந்து குழாயைக் கழற்றினாள். ஃபில்டர் கிண்ணத்தில் கண்ணீர்போலத் தண்ணீர் உருண்டு நின்றது. அதை எப்படி எடுப்பது என்று அவன் யோசிப்பதற்குள் மருந்துப் பையைப் பிரித்து ஒரு பெரிய சிரிஞ்சை எடுத்து, ஊசி மாட்டாமல் நுனியை உள்ளே விட்டு உறிஞ்சினாள். அடுத்து கார்புரேட்டரின் அடியில் இருக்கும் திருகு. படகு ஆட, மோட்டாரைக் கட்டிக்கொள்வதுபோலத் தொங்கிக்கொண்டு அதைத் தளர்த்தி, வடிந்ததைத் தண்ணீர் இறைக்கும் குவளையில் பிடித்தாள். ஸ்க்ரூ டிரைவர் நழுவி இரண்டு விரல் தோல் உரிந்தது. பெட்ரோல் பட்டுக் காயம் தீயாக எரிந்தது.

பிறகு குழாயின் நுனியைத் தகரக் கேனுக்குள் அடிவரை விட்டு, கேனைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கி, கேனின் வாயைச் சுற்றி ஈரத்துணியை அடைத்தாள். குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர் உருண்டையை அமுக்கி அமுக்கி, கெட்டது போய் நல்லது வரும்வரை குவளையில் விட்டாள். குவளையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். வாடை மாறியதும் திருகை இறுக்கினாள்.

ஐந்தாவது இழுப்பில் மோட்டார் வெள்ளைப் புகை கக்கியது. எட்டாவதில் பிடித்தது.

அக்கரைப் படித்துறையில் நாத்தனார் நின்றிருந்தாள். கம்பத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். முகம் வாடி, உதடு காய்ந்து கிடந்தது. படகு கட்டுவதற்குள் மருந்துக்கடைக்காரி குதித்து இறங்கி, அங்கேயே படியில் உட்கார வைத்து விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள். எண்ணைப் பார்த்து ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டாள். நல்லவேளை, கை மீறிப் போயிருக்கவில்லை. நாத்தனாரின் டாக்டருக்குப் போன் போட்டு எண்ணைச் சொல்லி அளவு கேட்டு, ஊசி போட்டாள். நாத்தனார் சேலையை ஒதுக்கி வயிற்றைக் காட்டியபோது இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

வீட்டுக்குள் போய்ச் சேர்ந்த பிறகும் அவள் உட்காரவில்லை. அரை மணிக்கு ஒரு தரம் பார்க்க வேண்டும் என்று கடிகாரத்தையே சுற்றி வந்தாள். எண் இறங்கத் தொடங்கியது. மூன்றாவது முறை பார்த்தபோதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"அன்னிக்கு உங்ககிட்ட நின்னு ரெண்டு வார்த்தை பேசியிருக்கணும் அண்ணி. தேதி போன மாத்திரையத் தரமாட்டேன், இன்னிக்கு வந்தாலும் தரமாட்டேன். ஆனா உங்களை அப்படி அனுப்பியிருக்கக் கூடாது."

நாத்தனார் விரலில் ஒட்டிய பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் மாத்திரையப் பத்தி எங்க பேசினேன்? நீ என்னைப் பாக்கவே இல்லையேன்னுதான். வந்தவ யாரோ எவளோ மாதிரி." பிறகு, உரிந்த விரலைப் பார்த்து, "அது என்ன? மொதல்ல அதுக்கு மருந்து போடு" என்றாள்.

அதற்குள் செய்தி பரவி, கையில் சீட்டுகளோடு அக்கம்பக்கத்தார் வாசலில் கூடிவிட்டார்கள். ஒருவருக்கு இருதய மாத்திரை, ஒருவருக்கு வலிப்பு மருந்து, ஒரு குழந்தைக்கு இழுப்புக்கான பம்பு. எல்லாம் இன்றோ நாளையோ தீரப்போகிறவை. அவள் ஒவ்வொன்றையும் வாங்கி, மீதி எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று கேட்டு ஓரத்தில் குறித்துக்கொண்டாள். கேனில் இருந்தது நாலு லிட்டருக்குக் கொஞ்சம் மேல். திரும்பிப் போகவும், இன்னொரு முறை வரவும் அது மட்டுமட்டாகப் போதும்.

சிக்கல் மாவுக்கட்டால் வந்தது. பிளாஸ்டிக் பை கிழிந்து கட்டு நனைந்து கூழாகியிருந்தது. அவனை மறுபடி படகில் ஏற்றக் கூடாது என்று நாத்தனார் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். அப்படியென்றால் தனியாகப் போகிறேன் என்றாள் மருந்துக்கடைக்காரி.

நாத்தனார் உள்ளே போய் ஒரு பையில் இரண்டு சேலையும் மருந்துக் குப்பியும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"நான் வரேன். மருந்து இருக்கற எடத்துல நான் இருக்கறது நல்லது. இவன் இங்க எங்க வீட்டுக்காரரோட இருக்கட்டும். ஒருத்தருக்குக் கால் ஆகாது, ஒருத்தருக்கு ரத்த அழுத்தம். ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கட்டும்."

"உங்க உடம்பு இருக்கற இருப்புல..."

"உக்காந்துதானே வரப்போறேன்? மோட்டார் வர்றதுக்கு முன்னால இந்த ஏரிய நான் துடுப்பு போட்டே தாண்டியிருக்கேன். உன் புருஷனுக்குக் கைப்பிடி பிடிக்கக் கத்துக்குடுத்தது யாருன்னு நினைக்கற?"

டாக்டரிடம் இன்னொரு முறை கேட்டு, எண்ணை மறுபடி பார்த்து, பையில் சர்க்கரை உருண்டையும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்ட பிறகுதான் அவள் சம்மதித்தாள். வரும் வழியில் நாத்தனார் பின்னால் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்தாள். இவள் கேனை இடுக்கிக்கொண்டு, மோட்டார் சத்தம் ஒரு பொட்டு மாறினாலும் திரும்பிப் பார்த்தபடி வந்தாள். காற்று எதிராக இருந்ததால் அலை ஏறி இருவரும் நனைந்தார்கள். பாதி வழியில் ஒரு முறை மோட்டார் தடுமாறியது. இவள் ரப்பர் உருண்டையை இரண்டு அமுக்கு அமுக்கினாள். சரியாகிவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

மெக்கானிக் கரையில் காத்திருந்தார். நடந்ததைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். கெட்ட பெட்ரோல் இருந்த டேங்கைக் கழற்றித் தன் பட்டறையின் கழிவுப் பீப்பாயில் வடிக்கத் தூக்கிப் போனார். அக்கரைக்காரர்களின் மருந்துகளை நாளை விடியற்காலையில் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவதாகச் சொன்னார். அப்படியே செய்தார். மூன்றாம் நாள் சாலையில் மண் கொட்டி எண்ணெய் லாரியை விட்டார்கள்.

ஆனால் அன்று சாயங்காலம் அதெல்லாம் தெரியாதே. கடையைத் திறந்தபோது வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஈரச் சேலையோடு அவள் அவர்களுக்கு வேண்டியதைக் கொடுத்து அனுப்பிவிட்டு, அக்கரைச் சீட்டுகளை மேஜையில் பரப்பி, ஏணி போட்டு மேல் தட்டு மருந்துகளை இறக்கத் தொடங்கினாள்.

உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்த நாத்தனார் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"செத்த உக்காரேன். காலையிலேர்ந்து நின்னுட்டே இருக்க."

"உக்காந்தா எழுந்திரிக்க மாட்டேன் அண்ணி."

நாத்தனார் கையைத் தட்டிவிட்டு எழுந்து வந்து, மேலே இருந்த முதல் சீட்டை எடுத்து, எழுத்துக் கூட்டி வாசிக்க ஆரம்பித்தாள்.